பார்வை நேரம் முடிந்தது

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைக்
காம்போடு பிடித்த கைக்குத் தெரியும்
மக்கனின் பாதம் எப்படிப்பட்டதென்று.
மேலே பஞ்சு, உள்ளே ஊசி.

சத்துவாச்சாரியில் ஒற்றை அறை.
ராத்திரி பத்துக்கும் சுவர் சுடும்.
டூட்டி முடிந்து சீருடையோடு சாய்ந்தால் போதும்,
தோளில் ஏறிவிடுவாள்.
காக்கிச் சட்டையின் தோள்பட்டி
அவள் வாய்க்குள் போய்விடும்.
சப் சப்பென்று சத்தம்.
முன்னங்கால்கள் மாறி மாறி
என் காறை எலும்புக்குக் கீழே
மாவு பிசையும்.

ஆற்காடு பஸ் ஸ்டாண்டில்
மக்கன் பேடா கடைக்குப் பின்னால்
ஒரு காலி டால்டா டின்னுக்குள் கிடைத்தவள்.
கண் திறந்து நாலைந்து நாள் இருக்கும்.
தாய் வருமென்று மூன்று பஸ்ஸை விட்டேன்.
நான்காவதில் இருவரும் ஏறினோம்.
கண்டக்டர் பையைப் பார்த்தார்,
ஒரு டிக்கெட்தான் கிழித்தார்.

இப்போது ஒன்றரை வயது. கருவாடு தின்கிறாள்,
பல்லியைத் துரத்துகிறாள்,
இருட்டினால் மட்டும்
காக்கித் துணியில் பால் தேடுகிறாள்.

கோடையில் பாலாற்று மணலில்
ஊற்றுப் பறிக்கும் கைகளும்
இப்படித்தான் மாறி மாறிப் போகும்.
ஆற்றுக்குப் பேர்தான் பால்.

"தோள்ல என்னம்மா ஈரம்?"
சூப்பர்வைசர் மெர்லின் கேட்டார்.
வேர்வை மேடம் என்றேன்.
ஒரு தோளுக்கு மட்டுமா வேர்க்கும்
என்று அவர் கேட்கவில்லை.
வேலூரில் எதுவும் வேர்க்கும்.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் பொற்கொடி
ஒரு கன்றுக்கு ஊசி போட்டபடியே சொன்னார்:
"சீக்கிரம் தாயைப் பிரிஞ்சதுங்க சிலது இப்படித்தான்.
திட்டாதீங்க. தள்ளாதீங்க.
ஆரம்பிச்சதும் எழுந்து போயிடுங்க, அவ்வளவுதான்.
கம்பளித் துணி ஏதாச்சும் போட்டு வைங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சம்பளம் வாங்குவதே அதற்குத்தானே.
வார்டு வாசல். சாயங்காலம் ஏழு மணி.
நேரமாச்சுங்க என்பேன்.
சித்தூர்க்காரர்களுக்கு டைம் அயிபோயிந்தி.
கல்கத்தாவிலிருந்து ரயிலேறி வந்தவர்களுக்கு
ஷொமோய் ஷேஷ்.
அந்த இரண்டு சொல்தான் தெரியும்,
அதற்கு மேல் அவர்கள் பேசினால் தலையாட்டுவேன்.
பிடித்த கையை நான் பிரித்ததே இல்லை.
கட்டிலோரம் போய் நிற்பேன்.
கை தானாக விடும்.
சிலருக்கு இரண்டு நிமிஷம்.
சிலருக்கு, டீ வாங்கி வந்து ஆறிப்போகிற வரைக்கும்.

முதல் ராத்திரி பதினோரு முறை எழுந்தேன்.
அவள் ஏற, நான் எழ.
பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தால்
கீழே அமர்ந்து அண்ணாந்து பார்த்தாள்,
பாஷை புரியாதவர்கள்
என் வாயைப் பார்ப்பது மாதிரி.

மூன்றாம் நாள் தோற்றேன்.
தலைவலி, கரண்டும் இல்லை.
ஏறினாள். விட்டுவிட்டேன்.
டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு பழைய மஃப்ளரை
மூலையில் மடித்துப் போட்டேன்.
ஏலகிரிக்குப் போனபோது வாங்கியது,
வேலூரில் அதற்கு வேறென்ன வேலை.
முகர்ந்தாள். போனாள். திரும்ப வந்தாள்.
பல்லில் கவ்வி அறை முழுக்க இழுத்து
என் தோள்மேல் கொண்டுவந்து போட்டு
அதன்மேல் ஏறிக்கொண்டாள்.
விதியைப் படித்துவிட்டு
ஓட்டை கண்டுபிடிப்பவர்களை
வாசலில் நிறையப் பார்த்திருக்கிறேன்.
எழுந்தேன். மஃப்ளரை மூலையில் வைத்தேன்.
மறுபடி கொண்டுவந்தாள். மறுபடி வைத்தேன்.
இரண்டு பேருமே கோபப்படவில்லை.

ஆடி பிறந்து நாலு நாள் இருக்கும்.
வந்தேன், சாய்ந்தேன்,
எழுந்துகொள்ளத் தயாராக
ஒரு முழங்கையை ஊன்றியே கிடந்தேன்.
ஃபேன் சுற்றியது.
பக்கத்து வீட்டில் யாரோ குக்கர் வைத்தார்கள்.
யாரும் ஏறவில்லை.

ஜெயித்தவள் நிம்மதியாகத்
தூங்கியிருக்க வேண்டும்.

விடியற்காலை மூலைக்குப் போய் உட்கார்ந்தேன்.
அவள் ஜன்னலில் காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
மஃப்ளர் நடுவே
கை கொள்ளும் அளவு பள்ளம்.
விரலை விட்டுப் பார்த்தேன்.

ஈரம் இருந்தது.